பழைய ராணுவ உடை அசலா? நூலைப் பாருங்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலச் சட்டை என்று யாராவது விற்க வந்தால், பேட்ஜைப் பார்த்து மயங்காதீர்கள். அதை எப்போது வேண்டுமானாலும் தைத்துவிடலாம். உள்பக்கத்தைத் திருப்பித் தையல் நூலைப் பாருங்கள். அன்று பெரும்பாலும் பருத்தி நூல்தான். பாலியஸ்டர் பரவலானது 1950-களுக்குப் பிறகே. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, உள்மடிப்பில் தொங்கும் பிசிறு ஒன்றைத் தனியே எடுத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும்.

அப்புறம், இருட்டில் புற ஊதா விளக்கு அடியுங்கள். நூலோ லேபிளோ பளீரென நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள்; பிற்கால வெண்மையூட்டும் ரசாயனம்தான் இப்படி ஒளிரும். ஆனால் அசல் உடையைப் பிற்காலச் சோப்புத்தூளில் துவைத்திருந்தாலும் இப்படி ஒளிரும். இதை மட்டும் வைத்து ஒரு நல்ல உடையை ஒதுக்கிவிடாதீர்கள். காலரும் கைமுனையும் தேயாமல், துணி முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் நான் வாங்கமாட்டேன்.