68 டிகிரியில் அரை மணி நேரம்: பூஞ்சைப் புரதத்தில் ஆர்.என்.ஏ-வைக் குறைக்கும் முறை

ஈஸ்ட், பாக்டீரியா, பூஞ்சை என எதை வளர்த்துப் புரதம் எடுத்தாலும் கூடவே ஆர்.என்.ஏ என்ற நியூக்ளிக் அமிலமும் வரும். பூஞ்சையின் உலர் எடையில் அது சுமார் 10%. நம் உடல் அதிலுள்ள பியூரின்கள் என்ற பொருள்களை யூரிக் அமிலமாக்கி அத்தோடு நின்றுவிடும். அதை மேலும் உடைக்கும் யூரிக்கேஸ் என்சைம் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு உண்டு, நமக்கு இல்லை. தேங்கினால் மூட்டில் கவுட் என்ற வலி நோய், சிறுநீரகத்தில் கல். அதனால்தான் ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு, இவ்வகை உணவிலிருந்து நாளொன்றுக்கு 2 கிராம் நியூக்ளிக் அமிலத்துக்கு மேல் கூடாது என்றது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10% இருந்தால் 20 கிராம் உலர்பொருளோடு தட்டைத் தள்ளி வைக்க வேண்டும். 2% ஆக்கிவிட்டால் 100 கிராம் சாப்பிடலாம்.

இங்கிலாந்தில் 1985-ல் விற்பனைக்கு வந்த குவார்ன் என்ற பூஞ்சைப் புரத உணவின் பூஞ்சை, ஃபியூசேரியம் வெனினேட்டம். அதற்குக் கண்டுபிடித்த வழியைத்தான் கல்லூரி ஆய்வக அளவில் செய்யப்போகிறோம். காரம் (அல்கலி), உப்பு என வேதிப்பொருள் எதுவும் வேண்டாம். செல்லுக்குள்ளேயே ஆர்.என்.ஏ-வை நறுக்கும் ஆர்.என்.ஏஸ் என்சைம் இருக்கிறது. சரியான சூட்டில், ஆர்.என்.ஏ-வின் பெரும்பகுதியை வைத்திருக்கும் ரைபோசோம் குலையும், என்சைம் நறுக்கும், துண்டுகள் செல்சுவர் வழியே வெளியே கசியும்.

படி 1: 28-30 டிகிரியில் வளர்ந்த கல்ச்சரை வடிகட்டாதீர்கள். ஊடகத்தோடு அப்படியே 20 மி.லி. எடுங்கள். ஒரு மி.லி.யைச் சூடாக்காமல் ஐஸில் ஒதுக்கி வையுங்கள். பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம்.

படி 2: இங்கேதான் எல்லோரும் சறுக்குவோம். சூடு மளமளவென்று ஏற வேண்டும். மெல்ல ஏற்றினால், 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் என்சைம்கள் நமக்கு வேண்டிய புரதத்தையே தின்னத் தொடங்கும். இரண்டு வாட்டர் பாத் வையுங்கள்: ஒன்று 80-ல், மற்றது 68-ல். மெல்லிய ஃபிளாஸ்க்கை 80-ல் சுழற்றுங்கள். உள்ளே 68 தொட்டதும் அடுத்ததற்கு மாற்றுங்கள். தெர்மாமீட்டர் திரவத்துக்குள் இருக்கட்டும். பாத் திரையில் தெரியும் எண் தண்ணீரின் சூடு, உங்கள் பூஞ்சையின் சூடு அல்ல.

"சூடுதானே" என்று முதல் முறை நான் நேராகக் கொதிக்கவைத்துவிட்டேன். என்சைமும் வெந்து போயிற்று, ஆர்.என்.ஏ பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிட்டது.

படி 3: 68-ல் 30 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேல்நீரில் தண்ணீர் சேர்த்து நீர்க்கச் செய்து, 260 நானோமீட்டர் ஒளியை அது எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவெடுங்கள். எண் வேகமாக ஏறி, பிறகு தட்டையாகும். தட்டையானால் கசிவு முடிந்தது. புரதமும் கொஞ்சம் 260-ல் ஒளியை உறிஞ்சும் என்பதால் இந்த எண்ணை வைத்து சதவீதம் சொல்லாதீர்கள். செல்லில் மிஞ்சியதைத் தனியாகப் பிரித்து அளந்தால்தான் 2%-க்குக் கீழே வந்ததா என்று தெரியும்.

படி 4: வடிகட்டி, வெந்நீரில் இருமுறை அலசி, உலர்த்தி, நிறுங்கள். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தால் பதற வேண்டாம். ஆர்.என்.ஏ-வோடு புரதமும் கொஞ்சம் கசிகிறது. இந்த முறையின் உண்மையான விலை அதுதான், தொழிற்சாலைக்கும் அதே தலைவலி.

ஆய்வகத்தில் செய்ததை யாரும் வாயில் வைக்கக் கூடாது. ஃபியூசேரியம் குடும்பத்தில் நச்சு சுரக்கும் உறவினர்கள் நிறைய.

வடித்த நீரை உடனே ஊற்றிவிடாதீர்கள், அதையும் அளந்து வையுங்கள். உடைந்த ஆர்.என்.ஏ-வின் துண்டுகள் அதில்தான் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ஜி.எம்.பி., காய்ந்த காளானைக் குழம்பில் போட்டால் வருகிற அந்தச் சுவைக்குக் காரணமான பொருள்.