திவேஹி பேச முயலும் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலத்தீவுக்குப் போகுமுன், அந்நாட்டு மொழியான திவேஹியில் நாலு வார்த்தைகளைக் கற்றுக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் பலரும் ஆங்கில எழுத்தில் உள்ள பட்டியலைப் பார்த்து, ஆங்கிலம் போலவே வாசித்து மனப்பாடம் செய்கிறார்கள். பெரிய தவறு இதுதான்.

திவேஹியின் சொந்த எழுத்து தானா. வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ரோமன் எழுத்துமுறை 1970-களில் வந்தது. அதற்குத் தனி விதிகள் உண்டு. 'எல்', 'ஹெச்' சேர்ந்து வந்தால் அது நம்முடைய 'ள'. எனவே 'நலம்' என்பதற்கு 'ரங்களு' என்று சொல்ல வேண்டும், 'ரங்கல்ஹு' அல்ல. 'ஓ', 'ஏ' சேர்ந்தால் ஓகாரம்: படகுக்கு 'தோனி'. 'எப்படி?' என்று கேட்கும் 'கிஹினெ' என்ற சொல்லின் கடைசியில் எழுதும் 'ஹெச்', மூச்சுவிடும் ஒலி அல்ல. தொண்டையில் சட்டென்று வெட்டி நிறுத்த வேண்டும்.

ளகரம் நமக்குப் பழகிய ஒலி. ஆகவே, திவேஹி பேசுபவரின் ஒலிப்பதிவைக் கேட்டு, சொற்களைத் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் 'ஃபென்'. அதைப் 'பென்' ஆக்கிவிடாதீர்கள்.

அறிமுகமில்லாதவரிடம் எடுத்த எடுப்பில் 'கிஹினெ' வேண்டாம். 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று தொடங்குவதே அங்கே மரியாதை. 'நீ' என்னும் பொருளில் பட்டியல்களில் வரும் 'கலே'யைப் பெரியவர்களிடம் சொல்லவே கூடாது. நாம் அண்ணா, அக்கா என்பதுபோல் அவர்களுக்குப் 'பேபே', 'தத்தா' உண்டு. தயக்கமாக இருந்தால் விளிச்சொல்லே இல்லாமல் பேசலாம்.

'அகு கிஹாவரெ?' என்று விலை கேட்கக் கற்றவர்கள் எண்களைக் கற்பதில்லை. கடைக்காரர் 'ஃபன்சாஸ்' என்றால் ஐம்பது ருஃபியா, 'சதேக' என்றால் நூறு. இவை தெரியாமல் கேள்வியை மட்டும் கற்று என்ன பயன்?

யாரிடம் பேசுகிறோம் என்பதும் முக்கியம். ரிசார்ட்டுகளிலும் தலைநகர் மாலேயின் கடைகளிலும் வேலை செய்பவர்களில் வங்கதேசத்தவர், இந்தியர், இலங்கையர் ஏராளம். அவர்களிடம் திவேஹியில் பேசிவிட்டு, பதில் வரவில்லையே என்று சோர்ந்துபோக வேண்டாம். மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் தங்கினால் பேச வாய்ப்பு அதிகம். தெற்கே அட்டூ, ஃபுவம்முலா தீவுகள் பக்கம் போனால் வட்டார வழக்கு வெகுவாக மாறிவிடும். ஆனாலும் நீங்கள் கற்ற மாலே வழக்கு அவர்களுக்குப் புரியும்.