கீழ்ப்பல் செட்டுக்கு இரண்டு டிச் பட்டன்

முப்பத்து மூன்று ஆண்டுகள் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தவன் நான். பல் செட் மாட்டிய பிறகு 'வாழைப்பழம்' என்று நாக்கை மடித்தாலே கீழ் செட் எழும்பி வந்தது. மேல் செட் அண்ணத்தோடு ஒட்டி நிற்கும். கீழே அந்த வசதி கிடையாது; லாடம் போல ஒரு மெலிந்த மேடு, நடுவே ஓயாத நாக்கு. பசையும் தடவிப் பார்த்தேன். சாம்பார் சாதம் முடிவதற்குள் அதுவும் கரைந்து போனது.

இதற்கு வழி, கீழ்த்தாடையில் கோரைப்பற்கள் இருந்த இடத்தில் இரண்டு டைட்டானியம் இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள் பதிக்கும் செயற்கைப் பல்வேர். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாக்க வேண்டும் என்று 2002-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். முன்பக்க எலும்பு கெட்டியானது. உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பும் அந்த இடத்துக்கு வருமுன்பே வெளியேறிவிடுகிறது. கழற்றி மாட்டும் செட்டுக்கு ஆறு, எட்டு என்று யாராவது கணக்குச் சொன்னால், இரண்டு ஏன் போதாது என்று கேளுங்கள்.

பல் மருத்துவரிடம் போகும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவைக் கையில் கொண்டு போங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்திருந்தால் மறைக்காதீர்கள். பீடி, சிகரெட்டை விட மனமில்லை என்றால் பணத்தை வங்கியிலேயே வைத்திருக்கலாம். எலும்பு பிடிக்கப் பொதுவாக மூன்று மாதம் ஆகும்.

அதன் பிறகு ஈறுக்கு மேலே இரண்டு உலோகக் குமிழ்கள் தெரியும். செட்டின் அடியில் அவற்றைக் கவ்வும் நைலான் மூடிகள் இருக்கும். ரவிக்கையில் வைக்கும் டிச் பட்டன்தான், வேறொன்றுமில்லை. இங்கேதான் நான் தவறு செய்தேன். செட்டை மேலாக வைத்து, நறுக்கென்று கடித்து உட்காரவைப்பேன். 'டிக்' என்ற சத்தம் கேட்க ஒரு சுகம். நான்கே மாதத்தில் பிடி தளர்ந்தது. மருத்துவர் மூடியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: ஒரு பக்கம் எலி கடித்தது போல இருந்தது. கடிக்கக் கூடாது. குமிழின் மேல் மூடி நேராக அமர்ந்ததை விரலால் உணர்ந்த பிறகு, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். கழற்றும்போதும் இரு பக்க ஓரத்திலும் கட்டைவிரல் கொடுத்துச் சேர்த்தே தூக்குங்கள்.

செட்டைப் பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும். கை கழுவும் சோப்பும் மென்மையான பிரஷும் போதும். வாஷ்பேசினில் பாதி தண்ணீர் பிடித்துக்கொண்டு கழுவினால் கை தவறினாலும் உடையாது. வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போடுங்கள்.

இம்ப்ளாண்டுக்குச் சொத்தை வராது என்று கேட்டதுமே நான் அலட்சியமாகிவிட்டேன். அதைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும் என்பதை யோசிக்கவில்லை. பெரும்பாலும் வலியே இருக்காது. ஒரு நாள் காலை, "பேசினில் என்னங்க, ரோஜாத் தண்ணீர் மாதிரி இருக்கிறது?" என்றாள் மனைவி. ஈறு ரத்தம். அந்தக் கட்டத்திலேயே போனதால் சுத்தம் செய்ததோடு சரியானது. எலும்பு இறங்கிய பிறகு மீட்பது கடினம். இப்போது காலையும் இரவும் கண்ணாடி முன் நின்று, ஒவ்வொரு குமிழின் கழுத்தையும் ஈறு ஓரமாகச் சுற்றிச் சுற்றிச் சின்ன பிரஷால் துலக்குகிறேன். நாக்குப் பக்கம்தான் எல்லோரும் விட்டுவிடுவது. ஊக்கு, குண்டூசி கொண்டு நோண்டாதீர்கள். உலோகத்தில் விழும் கீறலில் அழுக்கு குடியேறும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். நைலான் மூடி தேயும் பொருள், அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும். அதன் விலையை முதல் நாளே கேட்டுவையுங்கள். முதல் எக்ஸ்ரேயையும், இம்ப்ளாண்டின் பெயரும் அளவும் அச்சிட்ட ஸ்டிக்கரையும் வாங்கி ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மகன் வீட்டுக்கு வேறு ஊர் போன இடத்தில் குமிழ் தளர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.