பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

கம்ப்யூட்டரில் டி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டிய பிறகுதான் நம்மில் பலருக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஞாபகமே வருகிறது. ஒன்று வாங்குகிறோம், போட்டோ வீடியோ எல்லாவற்றையும் அதில் காப்பி செய்கிறோம், கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்துவிட்டு 'பேக்கப் எடுத்தாச்சு' என்று நிம்மதியாகப் படுக்கிறோம். இதில் பேக்கப் எங்கே இருக்கிறது? பழைய வீட்டுச் சாமான்களைப் புது வீட்டுக்கு மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். ஒரு பொருள் இரண்டு இடத்தில் இருந்தால்தான் பேக்கப்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அக்கா மகளின் காதுகுத்து, மாந்தோப்பில் அப்பா நிற்கும் பழைய படங்கள், பட்டா, வில்லங்கச் சான்று ஸ்கேன் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004லிருந்து சேர்த்த படங்கள். கட்டில் ஓரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது யாரோ கேபிளைக் காலால் இழுக்க, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் சிமென்ட் தரையில் விழுந்தது. அப்புறம் செருகினால் டிக் டிக் என்ற சத்தம் மட்டும்தான். பெங்களூரில் டேட்டா ரெக்கவரி செய்யும் ஒரு இடத்தில் கொடுத்தோம். டிஸ்க்கின் விலையைப் போல நாலைந்து மடங்கு கேட்டார்கள், பாதிதான் திரும்ப வந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளே நிமிடத்துக்கு 5400 சுற்று வேகத்தில் தட்டு சுழல்கிறது, அதற்கு மேலே நம் தலைமுடியின் தடிமனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த இடைவெளியில், டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் மிதக்கிறது. ஓடும்போது விழுந்தால் அந்த ஹெட் தட்டில் உரசிவிடும். நிறுத்தி வைத்திருக்கும்போது ஹெட் ஓரமாக ஒதுங்கியிருப்பதால் ஓரளவு தாங்கும். அதனால் மடி, கட்டில், யுபிஎஸ் தலைமேல் எல்லாம் வேண்டாம், மேசையில் படுக்கவைத்து வேலையை முடித்துக் கழற்றிவிடுங்கள்.

ஆக, நீங்கள் வாங்கப் போகும் டிஸ்க் ஒருநாள் கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். அப்படிப் போனால் கேள்விகளே மாறிவிடும்.

முதல் கேள்வி அளவு. 'எவ்வளவு பெருசு இருக்கோ அதைக் குடுங்க' என்பது கடைக்காரருக்குப் பிடித்த வாசகம். உங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸையும் விளையாட்டுகளையும் விட்டுவிட்டு, உண்மையில் காப்பாற்ற வேண்டியது எவ்வளவு என்று பாருங்கள். நிறைய வீடுகளில் 300, 400 ஜிபி தாண்டாது. அதைப்போல இரண்டு மடங்கு இருந்தால் நாலைந்து வருடம் ஓடும். 4 டிபி, 5 டிபி (ஒரு டிபி என்றால் ஆயிரம் ஜிபி) என்று ஒன்று வாங்கும் காசுக்குக் கொஞ்சம் முன்பின்னாகச் சின்னதாக இரண்டு வாங்கிவிடலாம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டைத்தான் சொல்வேன். பெரிய டிஸ்க்குக்கு இன்னொரு கெடுதல், காலியிடம் இருக்கிறதே என்று அதில் சினிமாவை ஏற்றுவோம், அதை மச்சான் டிவியில் போட்டுப் பார்க்கக் கேட்பான், அவன் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். ஊர் சுற்றும் டிஸ்க்கில் பேக்கப் வைக்கக் கூடாது.

இரண்டு வாங்கும்போது ஒரே பிராண்டில் ஒரே நாளில் வாங்காமல் இருப்பது நல்லது. உள்ளே தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கை இன்று உலகத்தில் தயாரிப்பது சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என்று மூன்றே கம்பெனிகள்தான், டப்பாவின் மேல் வேறு பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது இவற்றில் ஒன்று. ஆளுக்கொன்றாக எடுத்தால் ஒரே தயாரிப்புக் கோளாறில் இரண்டும் சேர்ந்து போகாது.

1 டிபி வாங்கி செருகினால் 931 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 2 டிபி என்றால் 1.81 காட்டும். இது எல்லோருக்கும் அப்படித்தான்.

உண்மையில் ஏமாற்றுவது வேறு இடத்தில். '16 டிபி எஸ்எஸ்டி, இரண்டாயிரம் ரூபாய்' என்று ஆன்லைனில் விளம்பரம் வரும். (எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்.) நம் ஊரில் மாம்பழப் பெட்டி வாங்கியவர்களுக்கு இது புரியும், மேல் வரிசையில் நல்ல பழமாக அடுக்கி அடியில் காயும் வெம்பலுமாக வைத்த கதை. அந்த டப்பாவைப் பிரித்தால் உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், கம்ப்யூட்டர் கேட்டால் '16 டிபி' என்று பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். கொடுமை என்னவென்றால் காப்பி செய்யும்போது ஒரு குறையும் தெரியாது. உண்மையான இடம் தீர்ந்ததும் புதுசு பழசின் மேலேயே எழுதப்படும், இல்லை எங்குமே எழுதப்படாமல் போகும், ஃபைல் பெயர் மட்டும் வரிசையாகத் தெரியும். ஆறு மாதம் கழித்துத் திறந்தால்தான் வண்டவாளம் தெரியும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு இலவச புரோகிராம் இருக்கிறது, டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படித்து உண்மையான அளவைச் சொல்லிவிடும். எங்கே வாங்கினாலும், ஓசூர் தாண்டி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூர் எஸ்.பி. ரோடு வரைக்கும் போய் வாங்கினாலும் சரி, எதுவும் ஏற்றுவதற்கு முன் இரவு முழுக்க இதை ஓடவிடுங்கள். புது டிஸ்க் கெட்டுப்போவதாக இருந்தால் முதல் வாரத்திலேயே, கடை மாற்றிக் கொடுக்கும் காலத்துக்குள் போவது நமக்கும் நல்லதுதான்.

எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா? எஸ்எஸ்டி வேகமானது, உள்ளே எதுவும் சுழலாததால் கீழே விழுந்தாலும் பெரும்பாலும் பிழைக்கும், பையில் போட்டுத் தினமும் அலைபவர்களுக்கு அதுதான். ஆனால் விலை அதிகம், சாகும்போது டிக் டிக் என்று முன்னறிவிப்பு எதுவும் கொடுக்காமல் ஒரேயடியாகப் போகும். அதோடு அது மின்னேற்றத்தில்தான் டேட்டாவைப் பிடித்து வைத்திருக்கிறது, நன்றாக உழைத்துத் தேய்ந்த எஸ்எஸ்டியை வருடக் கணக்கில் செருகாமல் சூடான பீரோவில் போட்டு வைத்தால் அது மெல்லக் கசிந்துவிடும். எடுத்து வைத்து மாதம் ஒருமுறை செருகும் வீட்டு பேக்கப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும் என்பது என் கருத்து.

ஹார்ட் டிஸ்க்கிலும் இரண்டு ரகம். கையடக்கமான 2.5 இஞ்ச் ரகம் யுஎஸ்பி கரண்டிலேயே ஓடும். செங்கல் மாதிரி இருக்கும் 3.5 இஞ்ச் ரகத்துக்குத் தனி அடாப்டர் வேண்டும். கோடை மழையில் இடி இடித்தால் கரண்ட் போய்ப் போய் வரும் நம் பக்கத்துக்கு அந்த அடாப்டர் இன்னொரு தலைவலி. சின்னதையே வாங்குங்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்க போர்ட்டில் சில சமயம் கரண்ட் பத்தாமல் டிஸ்க் வந்து வந்து மறையும், டிஸ்க்கைச் சந்தேகப்படுவதற்கு முன் பின்பக்கம் செருகிப் பாருங்கள்.

போர்ட் நிறத்தையும் பாருங்கள். உள்ளே நீலமாக இருந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி 3. பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் நொடிக்கு 35 எம்பி அளவுக்குத்தான் போகும், 400 ஜிபி ஏற்ற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதே டிஸ்க் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். டிஸ்க்கோடு வந்த குட்டி கேபிளைத் தொலைத்துவிட்டு போன் சார்ஜர் கேபிளைச் செருகினாலும் பல சமயம் பழைய வேகம்தான். புது டிஸ்க்கிலும் பெரிய ஃபோல்டரை ஏற்றும்போது பாதியில் வேகம் குறையலாம், இப்போது வரும் பல சின்ன டிஸ்க்குகளில் ஓடு வேய்வது போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதுகிறார்கள், அதனால் வரும் தாமதம் அது. பொறுமையாக விடுங்கள்.

ஃபார்மட், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை, அந்த விஷயம் சுருக்கமாக. வீட்டில் விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரும் இருந்தால் எக்ஸ்ஃபேட், ஏனென்றால் மேக் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. ஆனால் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை எழுதும் நடுவில் பிடுங்கினால் குழம்பிப்போகும் வாய்ப்பு அதிகம், இஜெக்ட் கொடுக்காமல் கழற்றும் பழக்கம் உள்ளவர்கள் கவனம். ஃபேட்32 வேண்டவே வேண்டாம், 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்க மறுத்துவிடும், கல்யாண வீடியோ எல்லாம் அதற்கு மேல்தான்.

மூன்று வருட வாரண்டி இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். வாரண்டி டிஸ்க்குக்கு, உள்ளே இருக்கும் படத்துக்கு இல்லை. பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்கி, அதையும் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வசதி நல்லதுதான், ஆனால் மறந்தால் யாராலும் திறக்க முடியாது. அதை அம்மாவின் ரேஷன் கார்டு இருக்கும் கவரிலாவது எழுதி வையுங்கள்.

வாங்கிய பிறகு நடக்கும் பெரிய தவறு, டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகி விடுவது. இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாகிரை வைரஸ் வந்தபோது, கம்ப்யூட்டரோடு இணைந்திருந்த டிஸ்க்கில் இருந்த ஃபைல்களையும் சேர்த்தே பூட்டியது. கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு டிஸ்க். ஒன்று இங்கே பீரோவில், இன்னொன்று தர்மபுரியில் அக்கா வீட்டில். பொங்கலுக்கும் மாம்பழ சீசனுக்கும் அங்கே போகும்போது இங்கிருப்பதைக் கொடுத்துவிட்டு அங்கிருப்பதை வாங்கி வருகிறேன், வந்ததும் பழைய வருடத்துப் படங்களில் நாலைந்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் புதுசை ஏற்றுவேன். இரண்டின் மேலும் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, கடைசியாக ஏற்றிய தேதியை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். அக்காவிடம் இருப்பதில் தேதிக்குக் கீழே, 'சினிமா ஏற்றக் கூடாது' என்றும்.