ஸ்பெஷல் டீயில் தொடங்கி லத்தீன் வரை: ஒரு சொல்லின் வேரைத் தேடுவது எப்படி?

முதன்முறை வேர் தேடுகிறவர்கள் அகராதியை எடுக்க வேண்டாம். ஒரு நோட்டோடு மதுரை மாசி வீதிகளில் ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.

படி 1: காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள். ஸ்பெஷல் டீ, ஸ்பெஷல் ஜிகர்தண்டா, சித்திரைத் திருவிழாவுக்கு விடும் ஸ்பெஷல் பஸ், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். பக்கத்திலேயே பொருளையும் குறியுங்கள். டீக்கு அது தரம். பஸ்ஸுக்கும் கிளாஸுக்கும் 'வழக்கத்துக்கு மேல் ஒன்று', அவ்வளவுதான்.

படி 2: சொல்லைப் பின்னோக்கி நடத்துங்கள். ஆங்கிலத்து 'ஸ்பெஷல்' லத்தீனின் 'ஸ்பெகியாலிஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு 'குறிப்பிட்ட வகையைச் சேர்ந்த' என்று பொருள். அதற்கு அடி 'ஸ்பெகியேஸ்': தோற்றம், வகை. அதற்கும் அடியில் 'பார்' என்று பொருள்படும் ஒரு வினை. சமஸ்கிருதத்தின் 'பச்யதி'யும் இந்த வேரில் வந்ததுதான்.

படி 3: உடன்பிறப்புகளைத் தேடுங்கள். இதற்கு நிறைய நேரம் கொடுங்கள், அள்ள அள்ள வரும். பிற்கால லத்தீனில் 'ஸ்பெகியேஸ்' சரக்குகளைக் குறித்து, பிறகு வாசனைச் சரக்காகக் குறுகியது. ஆங்கிலத்து ஸ்பைஸ், பிரெஞ்சு எபீஸ், இத்தாலிய ஸ்பெட்ஸியே எல்லாம் அதன் பிள்ளைகள். நம் நாட்டு மருந்துக் கடையில் கேட்டுப் பாருங்கள்: அங்கே 'சரக்கு' என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி. பொதுச்சொல் அதே பாதையில்தான் குறுகியிருக்கிறது. இதை முதலில் கவனித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

படி 4: பொருள் வழுக்கும் இடத்தைப் பிடியுங்கள். பிரெஞ்சில் ஓர் ஆளை 'ஸ்பேசியால்' என்றால் அது பாராட்டாக இருக்க வேண்டியதில்லை. 'ஒரு மாதிரியான ஆள்' என்றும் பொருள்படும். மாதிரி என்றாலும் வகைதானே!

படி 5: உச்சரிப்பைக் கேளுங்கள். என் அப்பத்தா 'இஸ்பெஷல்' என்பார். ஸ்பானியர்கள் 'எஸ்பெசியால்' என்கிறார்கள். 'ஸ்'ஸோடு இன்னொரு மெய் சேர்ந்து சொல் தொடங்குவதை அவர்கள் நாக்கும் ஏற்பதில்லை. முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்துக்கொள்கிறது. ராமனை இராமன் என்றும் ரோமத்தை உரோமம் என்றும் எழுத நன்னூல் விதி வகுத்ததும் இதைப் போன்ற தேவைக்குத்தான். அதனால் வீட்டில் பெரியவர்கள் 'இஸ்பெஷல்' என்றால் திருத்தாதீர்கள். தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.