முதல் ஸ்கூட்டர்: புதுசா, பழசா? பார்த்து வாங்கும் முறை

முதன்முறை ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மைலேஜையும் கலரையும்தான் கேட்கிறார்கள். பிறகு அவர்களை அழவைப்பது இந்த இரண்டும் அல்ல. கால் எட்டாத உயரம், பெயர் மாறாத ஆர்.சி. (பதிவுச் சான்று), பாதி ஆயுளில் இருக்கும் பெல்ட், இப்படி யாரும் திறந்து பார்க்காத இடங்கள்தான். கீழே உள்ளது தமிழ்நாட்டில் 110, 125 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் வாங்குவோருக்கான வழிமுறை. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

படி 1: உட்காருங்கள், பிறகு தள்ளுங்கள்

எந்த மாடல் என்று முடிவு செய்வதற்கு முன் மூன்று நான்கு வண்டிகளில் ஏறி உட்காருங்கள். தினமும் போடும் செருப்பையே போட்டுக்கொண்டு போக வேண்டும். இரண்டு கால்களின் முன்பாதமாவது முழுதாகத் தரையில் ஊன்ற வேண்டும். கட்டைவிரல் நுனி மட்டும் தொட்டால் சிக்னலில் சரிவான இடத்தில் நிற்கும்போது வண்டி சாயும். ஷோரூம் பட்டியலில் உள்ள சீட் உயரத்தை மட்டும் நம்ப வேண்டாம். சீட் அகலமாக இருந்தால் தொடை விரிந்து, அதே உயரத்திலும் கால் எட்டாமல் போகும்.

அடுத்து இஞ்சினை அணைத்து, வண்டியைப் பத்தடி முன்னும் பின்னும் தள்ளுங்கள், சென்டர் ஸ்டாண்ட் போட்டு எடுங்கள். ஆக்டிவா 6ஜி ஏறக்குறைய 106 கிலோ. ஃபசினோ 125 சுமார் 99 கிலோ. ஏழு கிலோ வித்தியாசம் ஓடும்போது தெரியாது, அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நெருக்கிவைத்த வண்டிகளுக்கு நடுவிலிருந்து பின்னுக்கு இழுக்கும்போது நன்றாகத் தெரியும்.

சிசி விஷயம் எளிது. தனியாக, சமவெளியில், தினம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் என்றால் 110 போதும். பின்னால் எப்போதும் ஆள் உண்டு, மேம்பாலம் அதிகம், அல்லது ஏற்காடு, குன்னூர் போன்ற மலைப்பாதை என்றால் 125 எடுங்கள். சாலை மோசமான ஊர்களில் 12 அங்குலச் சக்கரம் பள்ளத்தில் குறைவாக இறங்கும். ஜூபிடரில் இரண்டு சக்கரமும் 12 அங்குலம். ஆக்டிவா 6ஜியில் முன்சக்கரம் மட்டும் 12, பின்சக்கரம் 10.

படி 2: புதுசா, பழசா?

புது வண்டி விலையோடு ஆயுள் வரியும் சேரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் வரையிலான இருசக்கர வாகனத்துக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடும் கட்டாயம். மறுபக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய வண்டி விற்பவர் "நான் இவ்வளவு கொடுத்து வாங்கினேன்" என்று சொல்லும் தொகை அதற்கு முந்தைய விலையாக இருக்கலாம். இன்றைய ஆன்ரோடு விலையை (வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்தது)க் கையில் எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

நல்ல பெயருள்ள மாடல்களில் இரண்டு மூன்று வருட வண்டி விலை அதிகம் இறங்காது. அந்த வயதில் பழசு வாங்குவது வீண். கொஞ்சம் சேர்த்துப் போட்டுப் புதுசே எடுங்கள். பழசு என்றால் நான்கிலிருந்து ஆறு வயது வரை உள்ள வண்டியில்தான் லாபம். இப்போதுதான் ஓட்டப் பழகுகிறீர்கள், கீழே போட வாய்ப்பு உண்டு என்றால் பழசே புத்தி. ஆனால் வீட்டுப் பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரும் இல்லை என்றால், முதல் வண்டியாகப் பழசு வேண்டாம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. இஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்ப அதற்கு முந்தைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் கார்புரேட்டர், பிந்தையவற்றில் சென்சார் வைத்து அளந்து அனுப்பும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன். கார்புரேட்டர் வண்டியை எந்தத் தெரு மெக்கானிக்கும் திறந்து சரிசெய்வார், ஆனால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இன்ஜெக்ஷன் வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். சென்சார் போனால் செலவு கூடுதல். அதன் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் மூழ்கி, பெட்ரோலாலேயே குளிர்வது. எனவே ரிசர்வின் கடைசிச் சொட்டு வரை ஓட்டிய வண்டியில் பம்ப் சீக்கிரம் போகும்.

பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை, பேட்டரி வாரண்டி குறைந்தது இரண்டு வருடம் மிச்சமிருந்து, அது அடுத்த உரிமையாளருக்கும் செல்லும் என்று கம்பெனி எழுத்தில் தந்தால் மட்டும் தொடுங்கள்.

படி 3: ஷோரூமில்

கொட்டேஷனைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: எக்ஸ்ஷோரூம், ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு, உதிரிகள். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் நீக்கிவிடுவார்கள். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கிராஷ் கார்டு (பாதுகாப்புக் கம்பி), சீட் கவர், மேட் எல்லாம் வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கும்.

பணம் முழுதும் கட்டுமுன், பதிவுக்கு அனுப்புமுன், உங்களுக்கு ஒதுக்கிய வண்டியை நேரில் பாருங்கள். பதிவான பிறகு மாற்றித் தரமாட்டார்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஆறு மாதத்துக்கு மேல் பழைய டயர் என்றால் வண்டி யார்டில் வெயிலில் நின்றிருக்கலாம். வேறு வண்டி கேளுங்கள்.

படி 4: பழைய வண்டி என்றால் முதலில் காகிதம்

வண்டியைப் பார்க்கக் கிளம்புமுன் பதிவெண்ணை வாங்கி எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் போடுங்கள். பதிவான தேதி, காப்பீடு முடியும் நாள், கடன் நிலுவை, எத்தனையாவது ஓனர் என்பதெல்லாம் தெரியும். பெயரில் சில எழுத்துகள் மறைந்திருக்கும், தெரிகிற எழுத்துகள் விற்பவர் பெயரோடு ஒத்துப்போகின்றனவா பாருங்கள். இ-சலான் தளத்தில் அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

நான்கு நிலைமைகளில் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருக்கிறது. "டியூ முடிச்சாச்சு சார்" என்பது போதாது. நிதி நிறுவனத்தின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் வேண்டும். கடனை நீக்கும்வரை முழுப்பணம் தராதீர்கள்.

ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருக்கிறது. வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே விற்பனை.

வண்டி புதுச்சேரி அல்லது கர்நாடகப் பதிவு. விலை குறைவாகத் தெரியும். ஆனால் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் மலிவு கரைந்துவிடும்.

விற்பவர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவங்களைக் கொடுத்து "பேரை மெதுவா மாத்திக்கலாம்" என்கிறார். ஆட்டோ கன்சல்டிங் கடைகளில் இது அதிகம். கடைக்காரருக்கே அவை நாலாவது கையாக வந்திருக்கும். அசல் ஓனரோடு செல்பேசியில் பேசாமல் நகராதீர்கள்.

நேரில் போனதும் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ், இஞ்சின் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். எண் மீது வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெளிவாக விழும். எழுத்துகள் மேலும் கீழுமாக இருந்தாலோ, சுற்றிலும் கிரைண்டர் கீறல் இருந்தாலோ அது திருட்டு வண்டியாக இருக்கக்கூடும்.

படி 5: ஆறிய இஞ்சின்

காலையில் போங்கள், நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் இஞ்சின் பக்கம் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

சாவியைத் திருப்புங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் இஞ்சின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். சாவி போட்டபோதே எரியவில்லை என்றால் யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். செல்ஃபில் ஒரு முறை, கிக்கர் இருந்தால் அதில் ஒரு முறை ஸ்டார்ட் செய்யுங்கள். கிக்கரில் உடனே ஆகி, செல்ஃப் மட்டும் இழுத்தால் பெரும்பாலும் பேட்டரிதான். அது சிறு செலவு.

ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கி விடுங்கள், சைலன்சரைப் பாருங்கள். காலைக் குளிரில் முதல் நிமிடம் வரும் வெள்ளை ஆவி பரவாயில்லை. சூடான பிறகும் நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர் அடைப்பாகக்கூட இருக்கலாம். இஞ்சினை அணைத்து ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். கறுப்பு சாதாரணம். பால் காபி நிறம் என்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, அந்த வண்டி வேண்டாம்.

படி 6: பெல்ட் பக்கம்

கியர் வண்டியில் செயின் கண்ணுக்குத் தெரியும். ஸ்கூட்டரில் இஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட், ரோலர், கிளட்ச் எல்லாம் இடதுபக்க மூடிக்குள் ஒளிந்திருக்கின்றன. வண்டி இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் "பெல்ட் எப்போ மாத்தினீங்க?" என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கிடுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் இஞ்சின் உறுமும், வண்டி நகராது. அறுந்த துண்டு உள்ளே சிக்கினால் செலவு கூடும்.

திறக்காமலே கண்டுபிடிக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு உரிமம் இல்லை என்றால் உரிமமுள்ள, ஸ்கூட்டர் பழகிய ஒருவரை அழைத்துப் போங்கள். நின்ற இடத்திலிருந்து மெதுவாகக் கிளப்பும்போது வண்டி குலுங்கிக் குலுங்கி நகர்ந்தால் கிளட்ச் ஷூ பளபளப்பாகித் தேய்ந்திருக்கிறது. இஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டால் பெல்ட் நழுவுகிறது. முப்பது நாற்பதில் ஒரு தயக்கம் காட்டிப் பிறகு எடுத்தால் ரோலர் ஒருபக்கம் தட்டையாகியிருக்கலாம். ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னாலிருந்து ஊளை போல வரும் சத்தம் கியர்பாக்ஸ் பேரிங்குடையது. முதல் மூன்றும் சரிசெய்யக்கூடியவை, செலவைக் கேட்டு விலையில் கழிக்கலாம். நான்காவது இருந்தால் பேரத்தை இன்னும் கடுமையாகப் பேசுங்கள்.

படி 7: உடம்பு

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்புறத்தை ஒருவர் அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். ஹேண்டில்பாரை இடமிருந்து வலமாக மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் "டக்" என்று பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) போய்விட்டது. பிறகு தரையில் நிறுத்தி, முன் பிரேக்கைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். தளர்வு தெரிந்தால் கோன்செட் அல்லது முன் சஸ்பென்ஷன். ஆக்டிவா 5ஜி வரை முன்னால் லிங்க் வகை சஸ்பென்ஷன், அதன் புஷ் தேய்வது சகஜம், செலவும் அதிகமில்லை.

பத்தடி பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முன்சக்கரம் நேராக இருக்கும்போது ஹேண்டில் கோணலாக இருந்தால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. பெயின்ட் புதுசாக இருந்தும் ஃபுட்போர்டு அடியில் இரும்பு நெளிந்திருந்தால் அதே கதைதான்.

சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து வண்டி என்றால் வெள்ளத்தையும் நினைவில் வையுங்கள். 2023 டிசம்பரில் மட்டும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. சீட்டைத் தூக்கி அதன் அடிப்பக்க போல்ட்டுகள், பேட்டரிப் பெட்டியின் மூலை, ஹெட்லைட் கண்ணாடியின் உட்புறம் மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய வண்டல் கோடு இருந்தால் வயரிங் வருடக்கணக்கில் தொல்லை தரும்.

கிலோமீட்டர் எண்ணை நம்பாதீர்கள். 15,000 காட்டும் வண்டியில் கைப்பிடி ரப்பர் வழுக்கையாகி, சாவித் துவாரம் சுற்றிலும் தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. டயர் பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு வரை ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். டயரில் பூ (மேற்பள்ளங்கள்) மிச்சம் இருந்தாலும் ஐந்தாறு வயதானால் கெட்டிப்பட்டு மழையில் வழுக்கும்.

படி 8: பணம், பெயர் மாற்றம்

கண்ட குறைகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் மெக்கானிக்கிடம் செலவு கேட்டு, மொத்தத்தை விலையில் கழிக்கக் கேளுங்கள். "கொஞ்சம் குறைங்க" என்பதைவிட "ரெண்டு டயர், பெல்ட், பேட்டரி" என்பதற்கு மதிப்பு அதிகம்.

முன்பணம் சிறிதாகக் கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் இருவரும் கையெழுத்திட்டு, பரிவாகன் தளத்தில் விண்ணப்பம் போகும் நேரத்தில் மீதியைக் கொடுங்கள். விற்பவரின் செல்பேசிக்கு ஓ.டி.பி. வரும். பதிவில் பழைய எண் இருந்தால் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், பாதிப் பெயர் மாற்றங்கள் இங்கேதான் மாதக்கணக்கில் தொங்குகின்றன. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாதவரை விபத்து நடந்தால் பழைய ஓனரே நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதை எடுத்துச் சொன்னால் அவரே உங்களோடு ஓடி வருவார்.

காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால் வண்டிச் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். விற்றவரின் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவருக்கே உரியது. அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், எப்போது மாற்றியது என்று யார் என்ன சொன்னாலும், இஞ்சின் ஆயில், கியர் ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றிவிடுங்கள். கியர் ஆயில் வெறும் 120 மில்லி அளவுதான், அதனாலேயே பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டியூபை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள், இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரம் அரிக்கும். காற்று அளவு வண்டியின் ஸ்டிக்கரில் இருக்கும்: பல 110 சிசி வண்டிகளில் பி.எஸ்.ஐ. கணக்கில் முன்னால் 22, பின்னால் தனியாக என்றால் 29, ஆள் ஏறினால் 36. காற்று பிடிக்கும் கடையில் கேட்காமலே இரண்டுக்கும் ஒரே அளவாக அடித்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.