ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்: பிரசவத்துக்கு முன்பே செய்ய வேண்டியவை

நான் பிரசவ அறை நர்ஸ். ஹெச்.பி.எஸ்.ஏஜி பாசிட்டிவ், அதாவது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் ரத்தத்தில் இருக்கிறது என்ற ரிப்போர்ட்டோடு வருபவர்கள் எடுத்ததும் கேட்பது, "குழந்தைக்கும் வந்துடுமா சிஸ்டர்?" பெரும்பாலும் தடுத்துவிடலாம், ஆனால் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

முதலில் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பாருங்கள். அந்த வைரல் லோடு மில்லிக்கு 2 லட்சம் யூனிட்டைத் தாண்டினால், வழக்கமாக 28ஆவது வாரத்திலிருந்து வைரஸைக் குறைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை தருவார்கள். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சிலர் எங்கோ படித்துவிட்டு "எனக்கு எந்த வகை வைரஸ்?" என்பார்கள். ஏ முதல் ஜே வரை 10 மரபணு வகைகள் உண்டு. சி வகையில், வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் இ-ஆன்டிஜன் என்ற புரதம் சீக்கிரம் மறையாது. பிள்ளை பெறும் வயதிலும் வைரஸ் ஏராளமாக இருக்கும், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பும் கூடும். அதனால் கர்ப்பிணிகளிடம் எந்த வகை பரவியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அந்த ஆபத்தை வைரல் லோடே காட்டிவிடும். தடுப்பூசியும் வகைக்கு வகை மாறாது. வகையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கென்று தனியாகச் செலவழிக்காதீர்கள் என்பேன்.

அப்புறம், ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்" என்று பெரிதாக எழுதி வையுங்கள். வலி நடுராத்திரியில் வரும். ஊசி ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும், சாவி வேறு யாரிடமோ இருக்கும். வைரஸை உடனே எதிர்க்கும் ஆன்டிபாடி ஊசியான இம்யூனோகுளோபுலின் எல்லா இடத்திலும் இருப்பு இருக்காது, மாதம் நெருங்கும்போதே கேட்டு வையுங்கள். குழந்தையின் தொடையில் ஒட்டிய ரத்தத்தை நன்றாகத் துடைத்தபின், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின். இரண்டையும் 12 மணி நேரத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. இம்யூனோகுளோபுலின் கிடைக்காவிட்டால் அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பூசி 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பிறக்கும்போது தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது நாள்பட்ட நோயாக நின்றுவிடும். பெரியவர்களுக்கு அப்படி நிற்பது 100க்கு 5 பேருக்கும் குறைவு.

தாய்ப்பால் கொடுக்கலாம், யார் தடுத்தாலும். இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை.

மீதி தவணைகளை விடாமல் போட்டு, 9 முதல் 12 மாதத்துக்குள் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அவசரப்பட்டு முன்பே செய்தால், போட்ட ஊசியே முடிவைக் குழப்பும். கணவரையும் மூத்த பிள்ளைகளையும் பரிசோதிக்க மறந்துவிடுகிறார்கள். அதை இந்த வாரமே முடித்துவிடலாம்.